வெனிலா ரம் தித்திக்கிறது, போலிச் சரக்கா?

கேள்வி (கும்பகோணம் வாசகர்): மொரீஷியஸ் போய்வந்த என் மச்சான் நினைவுப் பரிசாக 70 சென்டிலிட்டர் (700 மில்லி) வெனிலா ரம் ஒரு பாட்டில் கொண்டுவந்து கொடுத்தார். லேபிளில் 35 சதவீதம் என்று போட்டிருக்கிறது. 'ரம்' என்பதில் ஆர் எழுத்துக்கு அடுத்து ஒரு 'எச்' கூடுதலாக இருக்கிறது. மூடியில் ஹாலோகிராம் ஸ்டிக்கர் இல்லை. திறந்தால் ஐஸ்கிரீம் வாசனை, வாயில் வைத்தால் ஒரே தித்திப்பு. மச்சானை ஏமாற்றிவிட்டார்களா? இல்லையென்றால் இதை எப்படித்தான் குடிப்பது?

பதில்: போலி என்று சந்தேகப்பட நீங்கள் எழுதியதில் ஒன்றும் இல்லை. அந்த 'எச்' பிரெஞ்சுக்காரர்கள் எழுதும் முறை, மொரீஷியஸில் சகஜம். ஹாலோகிராம் ஸ்டிக்கர் தமிழ்நாட்டு ஆயத்தீர்வைக் கணக்குக்காக டாஸ்மாக் சரக்கில் ஒட்டுவது. வெளிநாட்டுக் கடையில் வாங்கிய பாட்டிலில் அதைத் தேட வேண்டாம். 'மது நாட்டுக்கு, வீட்டுக்கு, உயிருக்குக் கேடு' என்ற வரியும் அதில் இருக்காது. அதனால் கேடு குறைந்துவிட்டது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

உங்களைக் குழப்பியது 35 என்ற எண்ணாகத்தான் இருக்கும். நம்மூர்க் கடையில் ரம், விஸ்கி, பிராந்தி எதை எடுத்தாலும் பெரும்பாலும் 42.8 சதவீதம். வெள்ளைக்காரன் விட்டுப்போன 'புரூப்' கணக்கில் 75 டிகிரி என்பதைச் சதவீதமாக மாற்றினால் வரும் எண் அது. மற்ற நாடுகளில் அளவு வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் வெறுமனே 'ரம்' என்று எழுதி விற்க வேண்டுமானால் குறைந்தது 37.5 சதவீதம் ஆல்கஹால் இருக்க வேண்டும், வாசனைப் பொருள் எதுவும் சேர்க்கக் கூடாது, சர்க்கரை லிட்டருக்கு 20 கிராமைத் தாண்டக் கூடாது. இதை மீறினால் 'ஸ்பிரிட் டிரிங்க்', 'லிக்யூர்' என்று வேறு பெயர் போட்டுத்தான் விற்க முடியும். லிக்யூர் என்றாலே பொதுவாக லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரையாவது இருக்கும். 70 சென்டிலிட்டர் பாட்டிலில் 70 கிராம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். தித்திக்காமல் என்ன செய்யும்? மொரீஷியஸுக்கு ஐரோப்பியச் சட்டம் பொருந்தாதுதான். ஆனால் அந்தச் சந்தைக்கும் சரக்கு அனுப்புகிறவர்கள் பலர் இதே பெயர்களைத்தான் லேபிளில் போடுகிறார்கள். உங்கள் பாட்டிலின் முன்பக்கத்தில் 'ரம்' பெரிதாக இருக்கும். அதன் கீழே பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.

அந்தப் பக்கத்து ரம்மிலேயே இரண்டு வகை உண்டு. ஒன்று, சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸ் என்ற கழிவுப் பாகிலிருந்து காய்ச்சுவது. அரவை நாட்களில் குருங்குளம் ஆலைப் பக்கம் போனவர்களுக்கு அந்த வாசனை பழக்கமாகியிருக்கும். மற்றொன்று, கரும்புச் சாற்றையே புளிக்கவைத்துக் காய்ச்சுவது. இதில் பச்சைப் புல் வாசனை தூக்கலாக வரும், முதல் தடவை குடிப்பவருக்குப் பிடிக்காமல்கூடப் போகலாம். (நம்மூரில் விஸ்கி என்று விற்பதிலும் பெரும்பகுதி மொலாசஸ் ஸ்பிரிட்தான். 'நான் ரம் தொடவே மாட்டேன்' என்று பெருமை பேசும் உறவினரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.) ரம்மில் வெனிலா, அன்னாசி, லிச்சி, காப்பிக்கொட்டை என்று ஊறப்போடுவது பக்கத்துத் தீவான ரீயூனியனில் பெரிய வழக்கம். வெனிலாப் பூவைக் கையால் மகரந்தச் சேர்க்கை செய்யும் சுலபமான முறையை 1841இல் கண்டுபிடித்தவர் எட்மண்ட் ஆல்பியஸ். அந்தத் தீவில் அடிமையாக இருந்த 12 வயதுப் பையன். உலகம் முழுக்க வெனிலா விளைகிறதென்றால் அவர் காட்டிய வழியில்தான்.

சரி, சுவைக்கும் விதத்துக்கு வருவோம். சித்திரை வெயிலில் அறைச் சூட்டிலேயே ஊற்றினால் ஆல்கஹால் நெடி மூக்கில் ஏறி மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடும். பாட்டிலைக் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள், சில்லென்று ஆகும்வரை வேண்டாம். அகல வாய் டம்ளரை விட்டுவிட்டு, வாய் குறுகிய சின்னக் கண்ணாடிக் கிளாஸில் 15 மில்லி போதும். கிளாஸுக்குள் மூக்கை நுழைக்காமல் விளிம்புக்குச் சற்று மேலே வைத்து, வாயை லேசாகத் திறந்தபடி முகருங்கள். முதல் வாய் நாக்கை நனைக்கத்தான், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இரண்டாவது வாயை நாக்கில் பரவவிட்டு விழுங்கிய பிறகு கவனியுங்கள். தித்திப்பு வடிந்ததும் மரம், காப்பி, வறுத்த வெல்லம் என்று ஏதாவது பின்னால் வந்தால் உள்ளே இருக்கும் ரம் நல்ல ரம். வெனிலா மட்டும் வந்து சட்டென்று நின்றுவிட்டால், சாதாரண ஸ்பிரிட்டில் எசென்ஸும் சர்க்கரையும் கலந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஐந்தாறு சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி முகர்ந்தால் இந்த வித்தியாசம் இன்னும் துலக்கமாகத் தெரியும்.

முக்கியமாக, வெற்றிலை போட்ட வாயோடு உட்காராதீர்கள். உங்கள் ஊர் வெற்றிலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் எல்லோருக்கும் பெருமைதான். ஆனால் அதன் காரம் நாக்கில் இருக்கும்வரை வெனிலா ஒன்றும் எடுபடாது. சைடு டிஷ்ஷும் காரமில்லாத உப்புக் கடலையோடு நிற்கட்டும்.

சர்க்கரை எவ்வளவு என்று பார்க்க ஒரு வீட்டுச் சோதனை இருக்கிறது. ஒரு டீஸ்பூன் ரம்மை எவர்சில்வர் தட்டில் ஊற்றி, இரவு முழுக்க ஃபேனுக்கு அடியில் விட்டுவிடுங்கள். சர்க்கரை சேர்க்காத ரம் என்றால் காலையில் லேசான பழுப்புக் கறையைத் தவிர ஒன்றும் மிஞ்சாது. உங்கள் பாட்டிலாக இருந்தால் விரல் வைத்தால் நூலிழுக்கும் பாகு நிற்கும். நீங்கள் எழுந்து வருவதற்குள் எறும்பு வந்திருந்தால் சோதனையே தேவையில்லை. சுகர் இருப்பவர்கள் இதைச் செய்து பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யட்டும்.

இன்னொன்று. 35 சதவீதம்தானே, லேசான சரக்கு என்று ஊற்றிவிடாதீர்கள். 30 மில்லியில் சுத்த ஆல்கஹால் 10.5 மில்லி. 42.8 சதவீத ரம்மில் 12.8 மில்லி. வித்தியாசம் அவ்வளவுதான், அதையும் தித்திப்பு மறைத்துவிடுகிறது. கோலா மிக்ஸிங்கும் வேண்டாம், இனிப்போடு இனிப்புச் சேர்ந்து திகட்டும். தித்திப்பு அதிகம் என்று தோன்றினால் சோடாவும் அரை மூடி எலுமிச்சையும் போதும்.

கேள்வி (மயிலாடுதுறை வாசகி): என் கணவர் கொழும்பு, சிங்கப்பூர் என்று அடிக்கடி போய்வருவார். எத்தனை பாட்டில் கொண்டுவரலாம்? பக்கத்திலேயே காரைக்காலில் தேங்காய், எலுமிச்சை ரம் எல்லாம் விலை மலிவு, ஒன்றே ஒன்று வாங்கிவந்தால் என்ன என்கிறார்.

பதில்: வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வரும் ஒருவர் சுங்க வரியில்லாமல் கொண்டுவரக்கூடிய மதுவின் மொத்த அளவு 2 லிட்டர். இதில் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. 70 சென்டிலிட்டர் பாட்டில் மூன்று வாங்கினால் 2.1 லிட்டர் ஆகிவிடும். 100 மில்லிதானே என்று அதிகாரி விட்டுவிடுவார் என்று நம்பி வாங்க வேண்டாம். ரசீதைக் கடைசிவரை கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். டியூட்டி ஃப்ரீ கடையில் சீல் வைத்துக் கொடுத்த பையை வீட்டுக்கு வரும்வரை பிரிக்கக் கூடாது. சென்னையிலோ மும்பையிலோ இறங்கி உள்நாட்டு விமானத்தில் திருச்சி வருவதாக இருந்தால், சுங்கம் முடிந்த கையோடு பாட்டிலை அந்தப் பையோடு கைலியில் சுற்றிச் செக்-இன் பெட்டிக்குள் வைத்துவிடுவது நிம்மதி. 70 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள ரம்மை விமானத்தில் எந்தப் பெட்டியிலும் ஏற்ற மாட்டார்கள்.

காரைக்கால் விஷயம் வேறு. அங்கே வாங்கும் பாட்டிலுக்குத் தீர்வை போவது புதுச்சேரிக்கு. அதைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது குற்றம். நண்டலாறு சோதனைச் சாவடியில் பிடிபட்டால் பாட்டிலோடு போகாது, வழக்கு வரும், வண்டியும் மாட்டும். மலிவு என்று மிச்சம் பிடித்ததைப் போல பல மடங்கு வக்கீலுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். கோவாவிலிருந்து ரயிலில் கொண்டுவருவதற்கும் இதே பதில்தான்.

கேள்வி (பட்டுக்கோட்டை வாசகர்): தென்னந்தோப்பு வைத்திருக்கிறோம். மகன் வாங்கிவந்த மலிபு என்ற வாசனை ரம் பாட்டிலில் தேங்காய் வாசனை ஆளைத் தூக்குகிறது, ஆனால் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கிறது. உண்மையில் அதில் தேங்காய் இருக்கிறதா?

பதில்: தேங்காயைத் துருவிப் பிழிந்து ஊற்றியிருந்தால் அது தெளிவாக இருக்காது. எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும், சூடு 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்து வெள்ளை வெள்ளையாகத் திரியும். தெளிவான பாட்டில் என்றால் வாசனைச் சத்து மட்டும் சேர்த்தது என்று அர்த்தம். தேங்காய் மணம் என்று நாம் அடையாளம் காண்பதில் லாக்டோன் என்ற வகைச் சேர்மங்களுக்குப் பெரிய பங்கு. அதில் காமா-நோனலாக்டோன் என்பது வாசனைத் தொழிலில் தேங்காய்க்கென்றே பயன்படுகிறது. அதைக் கொஞ்சம் கூட்டினால் போதும், உங்கள் தோப்புக் காய் தோற்றுப்போகும். ஏமாற்று என்று சொல்ல முடியாது, லேபிளில் தேங்காய்ச் சுவை என்றுதான் எழுதியிருக்கிறது. மலிபுவில் ஆல்கஹால் சுமார் 20 சதவீதம்தான், அது லிக்யூர் ரகம்.

உங்களுக்கு ஒரு வசதி, நல்ல இளநீருக்கு அலைய வேண்டாம். ஒரு பங்கு ரம்முக்கு மூன்று பங்கு இளநீர், சில சொட்டு எலுமிச்சை. இந்த மாதிரி எசென்ஸ் ரகத்தை இப்படிக் குடித்தால்தான் ருசி. தனியாகக் குடித்தால் தலைக்குத் தடவும் எண்ணெய் ஞாபகம் வருகிறது என்பது என் அபிப்பிராயம். மகன் அடுத்த முறை போகும்போது வாசனை சேர்க்காத, சில வருடம் மரப்பீப்பாயில் வைத்த ரம்மில் சின்ன பாட்டில் வாங்கச் சொல்லுங்கள். பரிசுக் கடையில் வண்ண லேபிளுக்கும் பாய்மரக் கப்பல் படத்துக்கும் கொடுக்கிற காசு அதில் மிச்சம்.

கேள்வி (திருவாரூர் வாசகர்): சுற்றுலா போன இடத்தில் சந்தையில் ஒரு அம்மா பழம் ஊறவைத்த ரம்மைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி விற்றார். லேபிள் இல்லை. கொஞ்சம் ருசி பார்க்கலாமா?

பதில்: கொட்டிவிடுங்கள். யார் காய்ச்சியது என்று தெரியாத சரக்கில் மெத்தனால் என்ற விஷம் இருக்கிறதா என்று நாக்காலும் மூக்காலும் கண்டுபிடிக்க முடியாது. பற்றவைத்துச் சுடரின் நிறத்தைப் பார்ப்பதும் நம்பக்கூடிய சோதனை அல்ல. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தது மெத்தனாலால். அதே ஆண்டு நவம்பரில் லாவோஸின் வாங் வியெங்கில் வெளிநாட்டுப் பயணிகள் ஆறு பேர் இறந்ததும் மெத்தனாலால். விற்ற அம்மா நல்லவராகவே இருக்கலாம், அவர் எங்கே வாங்கினார் என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். ஏற்கெனவே யாராவது குடித்திருந்து, மறுநாள் தலைவலி, வாந்தியோடு பார்வை மங்கினால், போதை இறங்காத கோளாறு என்று படுக்கவைக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மிச்சமிருக்கும் பாட்டிலையும் கையோடு எடுத்துப்போங்கள்.

கேள்வி (மன்னார்குடி வாசகர்): வெளிநாட்டு நண்பர் கொடுத்த ஆரஞ்சு ரம் பல வருடமாகப் பரணில் திறக்காமல் கிடக்கிறது. கெட்டுப்போயிருக்குமா?

பதில்: கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. பாட்டிலுக்குள் இருக்கும் வரை ரம் பழசாகி மெருகேறுவதும் கிடையாது, அது பீப்பாயில் நடக்கிற வேலை. ஆனால் ஓட்டுக்கூரைப் பரண் சூட்டில் ஆரஞ்சு வாசனை கொஞ்சம் போயிருக்கும். படுக்கவைத்திருந்தால் ஆல்கஹால் கார்க்கை அரித்திருக்கலாம், திறக்கும்போது பொடிந்தால் காப்பி வடிகட்டும் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். கழுத்துவரை இருந்த சரக்கு தோள்வரை இறங்கியிருந்தால் மூடி வழியாக ஆவியாகியிருக்கிறது என்று அர்த்தம், ருசி சப்பென்று இருக்கும். திறந்த பிறகு வருடக்கணக்கில் இழுக்காமல் சில மாதங்களில் முடித்துவிடுங்கள். கிரீம் சேர்த்த ரகமாக இருந்தால் மட்டும் தேதியைப் பாருங்கள். குலுக்கி ஊற்றும்போது கட்டி கட்டியாக விழுந்தால் வாயில் வைக்காதீர்கள்.