சூட்கேஸில் மாம்பழம் வேண்டாம், தங்கச்சி

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து கேட்டிருக்கிறாய்: "அக்கா, கல்யாணம் முடிந்து ஜனவரியில் ரெயூனியன் வருகிறேன். அவருக்கு சேன் பியேரில் வேலை. சுற்றிலும் கடல், பேர் தெரியாத காயும் பழமும்தான் கிடைக்கும் என்கிறார்கள். நாள் எப்படிப் போகும்? இங்கிருந்து என்னென்ன கட்டிக்கொண்டு வரட்டும்?"

நான் புதுச்சேரி குருசுக்குப்பத்துக்காரி. 2008 மே மாதம் இதே பயத்தோடுதான் இந்தியப் பெருங்கடலில் இருக்கும் இந்தப் பிரெஞ்சுத் தீவில் வந்து இறங்கினேன். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் நான் பட்டிருக்கிறேன். அம்மா பெரிய மார்க்கெட்டில் பார்த்துப் பார்த்து வாங்கிய பங்கனப்பள்ளி பத்துப் பழம், ஈரத்துணியில் சுற்றிய ஒரு கட்டு கறிவேப்பிலை. விமான நிலையத்தில் எல்லாவற்றையும் எடுத்து ஒரு தொட்டியில் போட்டுவிட்டார்கள். அங்கேயே அழுதுவிட்டேன். காரணம் பின்னால்தான் புரிந்தது. கறிவேப்பிலையில் ஒட்டிக்கொண்டு வரும் ஒரு பொடிப்பூச்சி, எலுமிச்சை ஆரஞ்சு மரங்களையே பட்டுப்போக வைக்கும் நோயைப் பரப்பும். தோட்டங்களை நம்பி எத்தனையோ குடும்பம் இருக்கும் சின்னத் தீவு இது. அவர்கள் செய்தது சரி. அதனால் பழம், இலை, செடி, விதை எதுவும் வேண்டாம். நெய்யும் பால்கோவாவும்கூட வேண்டாம். கிரைண்டர் கொண்டு வா, அது நிச்சயம் உதவும். இங்கே பிளக் வேறு மாதிரி, ஒரு அடாப்டரும் வாங்கிக்கொள். விசாவில் ரெயூனியனுக்குச் செல்லும் என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள். இது பிரான்சின் மாவட்டம்தான், 1946-லிருந்தே. ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகலாமே, அந்த ஷெங்கன் எல்லைக்குள் இல்லை.

இனி உன் பயத்துக்கு வருகிறேன். பேர் தெரியாத காய் என்றாயே, அதில் பாதி உனக்குத் தெரிந்ததுதான்.

வந்து மூன்றாவது சனிக்கிழமை, சேன் பியேர் கடற்கரையோரச் சந்தை. ஒரு வயதான அம்மா, நெற்றியில் குங்குமம், தலையில் வைக்கோல் தொப்பி, முன்னால் கீரைக்கட்டு. கட்டுகளுக்கு நடுவே கறிவேப்பிலை! கையால் தொட்டு "கறிவேப்பிலை" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு "கலுப்பிலே" என்றார். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது அவருக்கு. 1848-ல் இங்கே அடிமைமுறை ஒழிந்த பிறகு, கரும்புத் தோட்டங்களுக்கென்று புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏற்றப்பட்ட நம் ஜனங்களின் வழிவந்தவர். பேச்சு போய்விட்டது, இலையின் பேர் மட்டும் நாக்கில் நின்றுவிட்டது. பக்கத்தில் முருங்கைக்கீரை, அதை முரூம் என்றார். பீர்க்கங்காய் பிப்பாங்காய் ஆகியிருந்தது. எனக்குப் பேச்சே வரவில்லை.

அவர்தான் எனக்கு முதல் அறியாத பழத்தைக் கொடுத்தார். மாங்காய் போல முட்டை வடிவில், பச்சைத் தோல். பேர் ஸெவி. கத்தியால் ஒரு பத்தை சீவி, உப்பும் இடித்த பச்சை மிளகாயும் தடவி நீட்டினார். கடித்தால் நறுக்கென்று மாங்காய்ப் புளிப்பு, பின்னால் அன்னாசி வாசம். ஆசையில் கொட்டை வரைக்கும் போனேன். கொட்டையைச் சுற்றி முள் முள்ளாக நார், பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டது. கொட்டையோடு கடிக்கக்கூடாது, சீவித்தான் தின்ன வேண்டும் என்று கையாலேயே காட்டிக்கொடுத்தார். அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம்: ஒவ்வொரு சனிக்கிழமையும் தெரியாத ஒன்றை வாங்குவது, விற்பவரிடமே எப்படித் தின்பது என்று கேட்பது. இந்தத் தீவு ஜனங்கள் பேசும் கிரியோல் மொழி எனக்குத் தெரிந்தது முழுக்க அந்தச் சந்தையில் கற்றதுதான்.

இங்கே பருவம் தலைகீழ். நமக்கு மார்கழிப் பனி, இங்கே உச்ச வெயில். மே மாதத்தில் கடலூரில் சிவக்கும் மே பிளவர் மரம் இங்கே டிசம்பரில் சிவக்கிறது. மாம்பழமும் அப்போதுதான். அதைவிட இந்தத் தீவே காத்திருப்பது லெச்சிக்கு. தெருவோரத்தில் வண்டியை நிறுத்தி, இலையும் காம்புமாகக் கொத்துக்கொத்தாக விற்பார்கள். பிரான்சில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பெட்டி கட்டி அனுப்பாத வீடு குறைவு. டின்னில் வரும் லிச்சியை வைத்து இதை எடைபோடாதே. சிவந்த தோலை நகத்தால் கீறினால் சாறு மணிக்கட்டு வரை ஓடும், சதை நுங்கு மாதிரி வழுக்கும். நீ வரும்போது சீசன் கடைசியாக இருக்கும், கிடைத்ததை விடாதே.

ஏப்ரலுக்கு மேல் மலையில் கொயாவியே. செர்ரி அளவில் சிவப்புக் கொய்யா, புளிப்பும் இனிப்பும் கலந்தது. பிளேன் தே பால்மிஸ்த் பக்கம் வாளியோடு போய்ப் பறிக்கலாம். காட்டு மரங்களை அமுக்கிவிடும் வேண்டாத செடி என்பதால், நிறையப் பறித்தாலும் யாருக்கும் வருத்தமில்லை. ஜாம் காய்ச்சினால் வீடே மணக்கும். ஜம்ரோசா என்று ஒன்று இருக்கிறது, வெளிர் மஞ்சள், உள்ளே வெற்றிடம், குலுக்கினால் கொட்டை ஆடும். வாயில் போட்டால் பன்னீர் தெளித்த மாதிரி. பலா மட்டும் உனக்கு மனசு வலிக்கும். பண்ருட்டிப் பலா தின்றவள் நீ. இங்கே பிஞ்சிலேயே வெட்டிப் பொடியாக நறுக்கி, புகை போட்ட பன்றிக்கறியோடு சமைக்கிறார்கள். ருசி நன்றாகவே இருக்கும், ஆனாலும் சுளைக்காக ஏங்குவேன்.

நாள் எப்படிப் போகும் என்றாயே, இது படுத்துக் கிடக்கும் தீவு இல்லை. கடலிலிருந்து எழுந்து 3,000 மீட்டருக்கு மேல் நிற்கிற மலை. சிலாவோஸ் போகும் பாதையில் 400 வளைவு என்பார்கள். மேலே போனால் பருப்பு விளைகிறது, காலையில் ஸ்வெட்டர் வேண்டும். சலாசியில் பந்தல் பந்தலாக நம் சௌசௌ. மஃபாத் பள்ளத்துக்குச் சாலையே கிடையாது, நடந்து போக வேண்டும், அல்லது ஹெலிகாப்டர். எரிமலையைப் பார்க்க விடியற்காலையிலேயே கிளம்பு, பத்து மணிக்கெல்லாம் மேகம் மூடிவிடும். கார் இல்லையென்றால் மஞ்சள் பேருந்து தீவைச் சுற்றி ஓடுகிறது.

கிழக்கே பிரா பனோனுக்கு அவரை ஒருநாள் கூட்டிப்போகச் சொல். வெனிலா அங்கே. கொடி பூக்கும், ஆனால் மகரந்தம் சேர்க்க இங்கே பூச்சி இல்லை. 1841-ல் எட்மோன் அல்பியூஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன், ஒரு குச்சியும் கட்டைவிரலும் கொண்டு பூவைக் காய்க்க வைக்கும் வழியைக் கண்டுபிடித்தான். இன்றும் உலகம் முழுக்க அதே கைவேலைதான். ஒருத்தி குனிந்து பூப்பூவாகத் தொட்டுச் செல்வதை அங்கே நின்று பார்த்தேன். அந்தப் பையனை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

கடல் விஷயத்தில் மட்டும் என் பேச்சைக் கேள். சில்வர் பீச்சில் கால் நனைத்த பழக்கத்தில் எங்கும் இறங்கிவிடாதே. 2011-லிருந்து சுறா தாக்கிப் பலர் இறந்திருக்கிறார்கள். பவளத்திட்டு அரண் கட்டிய எர்மிதாஜ் பக்கமும், காவல் உள்ள இடங்களும்தான் குளிக்க. அங்கே முழங்கால் தண்ணீரிலேயே கண்ணாடி போட்டுப் பார்த்தால் மீன் கூட்டம் காலைச் சுற்றும். ஜூலை, ஆகஸ்டில் கரையில் நின்றே திமிங்கலம் பார்க்கலாம்.

ஜனவரி புயல் மாதமும்கூட. தானே புயலைப் பார்த்த ஊர் உன்னுடையது, சொல்லித் தர வேண்டியதில்லை. சிவப்பு எச்சரிக்கை என்றால் வெளியே காலடி வைக்காதே, தண்ணீர் பிடித்து வை.

அம்மா கடலூரிலிருந்து காலை 8.30-க்குக் கூப்பிட்டால் இங்கே மணி 7, நீ சந்தையில் இருப்பாய். கீரைக்கட்டுக்காரர்களிடம் போய் "கலுப்பிலே" என்று கேள். அப்புறம் பக்கத்தில் என்ன பழம் குவிந்திருக்கிறதோ, அதைக் கையில் எடு.