சிவப்பு எழுத்துக் கடிதம் கிரெடிட் ஸ்கோரைக் கெடுக்குமா?

கேள்வி: இங்கிலாந்தின் ரெடிங் நகரில் வசிக்கிறேன். சென்ற ஆண்டு ஒரு கடைவளாகத்தின் கார் நிறுத்துமிடத்தில், இரண்டு மணி நேரம்தான் இலவசம் என்ற பலகையைக் கவனிக்காமல் 25 நிமிடம் கூடுதலாக இருந்துவிட்டேன். 100 பவுண்டு கட்டச் சொல்லி, 14 நாளுக்குள் என்றால் 60 பவுண்டு போதும் என்று ஒரு தனியார் நிறுவனம் கடிதம் அனுப்பியது. "போலீஸும் இல்லை, கவுன்சிலும் இல்லை, குப்பையில் போடு" என்று நண்பர்கள் சொன்னதால் விட்டுவிட்டேன். பிறகு கடன் வசூல் நிறுவனம் ஒன்று 170 பவுண்டு கேட்டு, கட்டாவிட்டால் என் கடன் தகுதி பாதிக்கப்படும் என்று சிவப்பு எழுத்தில் மூன்று கடிதங்கள் அனுப்பியது. ஏப்ரலில் வீடு மாறினோம். அதன் பின் ஒன்றும் வரவில்லை. வங்கி, டிரைவிங் லைசென்ஸ் எல்லாவற்றிலும் முகவரியை மாற்றிவிட்டேன். அடுத்த ஆண்டு வீடு வாங்குவதற்கான மார்ட்கேஜ் கடனுக்கு விண்ணப்பிக்கப் போகிறோம். என் கிரெடிட் ஸ்கோர் ஏற்கெனவே கெட்டிருக்குமா? எங்களிடம் என் மனைவி பெயரிலும் ஒரு கார் உண்டு.

பதில்: அந்த 100 பவுண்டைக் கட்டாததாலோ, வசூல் நிறுவனம் மூன்று முறை எழுதியதாலோ உங்கள் கிரெடிட் ஸ்கோர் ஒரு புள்ளிகூடக் குறைந்திருக்காது. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது சிவப்பு எழுத்து அல்ல. "வீடு மாறினோம், அதன் பின் ஒன்றும் வரவில்லை" என்று நீங்கள் நிம்மதியோடு எழுதியிருக்கும் வரிதான்.

எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று நிறுவனங்கள் உங்களைப் பற்றி வைத்திருக்கும் கோப்பில் இருப்பவை, கிரெடிட் கார்டு, வங்கிக் கடன், மொபைல் ஒப்பந்தம் போன்ற கணக்குகளை நீங்கள் எப்படிக் கட்டி வருகிறீர்கள் என்ற விவரமும், வாக்காளர் பட்டியல், கோர்ட்டுத் தீர்ப்பு, திவால் போன்ற பொதுப் பதிவுகளுமே. பார்க்கிங் நிறுவனம் உங்களுக்குக் கடன் கொடுக்கவில்லை. பலகையில் எழுதியிருந்த ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள் என்று பணம் கேட்கிறது, அவ்வளவுதான். அது கோரிக்கையாக இருக்கும்வரை கோப்பில் ஏற வழியில்லை. வசூல் நிறுவனத்துக்கும் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டிப் பொருளை எடுத்துப்போகும் அதிகாரம் கிடையாது. "பாதிக்கப்படலாம்" என்று அவர்கள் எழுதுவது பொய்யல்ல. இடையில் ஒரு கோர்ட்டு இருப்பதைத்தான் சிறிய எழுத்தில் போடுகிறார்கள்.

அந்தக் கோர்ட்டு விஷயத்தைத்தான் நீங்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். நிறுவனம் வழக்குப் போட முடிவு செய்தால், முதலில் முன்னறிவிப்புக் கடிதம் ஒன்றை அனுப்பி, பதில் சொல்ல 30 நாள் தர வேண்டும். அதன் பிறகு நார்த்தாம்ப்டனில் உள்ள கோர்ட்டு மையத்திலிருந்து கிளெயிம் படிவம் சாதாரணத் தபாலில் வரும். வசூல்காரர்களின் கடிதத்தைவிடப் பார்வைக்கு அது சாதுவாக இருக்கும். மேலே வழக்கு எண்ணும் வெளியிட்ட தேதியும் இருக்கும். அந்தத் தேதியிலிருந்து ஐந்தாம் நாள் அது உங்கள் கைக்கு வந்துவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதற்கடுத்த 14 நாளுக்குள், கிடைத்தது என்றாவது நீங்கள் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் எதிர்வாதம் எழுத மொத்தம் 28 நாள் கிடைக்கும். பேசாமல் இருந்தால், எந்த நீதிபதியும் உங்கள் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பு ஆகிவிடும். கோர்ட்டுக் கட்டணமும் வக்கீல் கட்டணமும் சேர்ந்து தொகை 250 பவுண்டைத் தாண்டும். சிசிஜே எனப்படும் அந்தக் கவுண்டி கோர்ட்டுத் தீர்ப்பு பதிவேட்டில் ஏறி, ஆறு ஆண்டுகள் அங்கேயே இருக்கும். ஒரு மாதத்துக்குள் முழுத் தொகையையும் கட்டினால் பதிவு அடியோடு நீக்கப்படும். ஒரு நாள் தாமதமானாலும், கட்டியாயிற்று என்ற குறிப்போடு ஆறு ஆண்டும் நிற்கும். மார்ட்கேஜ் கொடுப்பவர் அதைப் பார்த்தால் வட்டியைக் கூட்டலாம், அல்லது மறுத்தே விடலாம்.

இப்போது முகவரிக்கு வருகிறேன். வங்கியையும் லைசென்ஸையும் குறிப்பிட்ட நீங்கள், காரின் பதிவு ஆவணமான லாக் புக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. லைசென்ஸ், லாக் புக் இரண்டையும் டிவிஎல்ஏ என்ற அரசு வாகன அலுவலகம்தான் கொடுக்கிறது என்பதால், ஒன்றில் மாற்றினால் மற்றதிலும் மாறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மாறாது, லாக் புக்கைத் தனியாக மாற்ற வேண்டும். இன்னொன்றும் சொல்கிறேன்: இன்றைக்கே லாக் புக்கை மாற்றினாலும் இந்த வழக்குக்கு அது போதாது. கேமரா உங்கள் நம்பர் பிளேட்டைப் படித்த அன்றைய கணக்கில், நிறுவனம் 2.50 பவுண்டு கட்டி டிவிஎல்ஏவிடம் முகவரியை வாங்கிவிட்டது; மீண்டும் அங்கே போய்க் கேட்கும் என்று நம்பியிருக்க முடியாது. கடைசியாகத் தெரிந்த முகவரிக்கு அனுப்பிய கிளெயிம் படிவம், நீங்கள் அதைப் பார்க்காவிட்டாலும், பெரும்பாலும் சட்டப்படி செல்லுபடியாகும். பழைய வீட்டின் மிதியடி மீது அது கிடக்கிறதா என்று நமக்குத் தெரியாது.

ஆகவே முதல் வேலையாக, மேலே சொன்ன எக்ஸ்பீரியன் முதலான மூன்று நிறுவனங்களிலும் உங்கள் கோப்பைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சட்டப்படி அது இலவசம். நீங்களே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. பழைய முகவரியையும் கொடுத்துத் தேடுங்கள். தீர்ப்பு எதுவும் இல்லையென்றால், வசூல் நிறுவனத்துக்கு அல்ல, பார்க்கிங் நிறுவனத்துக்கே இமெயில் எழுதி, இதுதான் என் புதிய முகவரி, பழையதை நீக்கிவிடுங்கள் என்று தெளிவாகச் சொல்லி, பதிலைப் பத்திரமாக வையுங்கள். தீர்ப்பு ஏற்கெனவே ஆகியிருந்து ஒரு மாதம் முடியவில்லையென்றால், உடனே கட்டுவதுதான் சிக்கனம். முடிந்திருந்தால், அதை ரத்து செய்யக் கோரி விண்ணப்பிக்கலாம். அதற்கான கட்டணமே 300 பவுண்டுக்கு மேல், தாமதிக்காமல் வந்தீர்களா, உருப்படியான எதிர்வாதம் இருக்கிறதா என்றும் நீதிபதி பார்ப்பார்.

கட்டலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். "குப்பையில் போடு" என்பது ஒரு காலத்து அறிவுரை. 2012ஆம் ஆண்டுச் சட்டம், ஓட்டியவர் யார் என்று தெரியாவிட்டாலும் லாக் புக்கில் பெயர் உள்ளவரிடம் கேட்க இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வழிசெய்தது. 2015இல் பேரி பீவிஸ் என்பவர், செம்ஸ்ஃபோர்டில் இரண்டு மணி நேர இலவசத்துக்கு மேல் 56 நிமிடம் நிறுத்தியதற்காகக் கேட்ட 85 பவுண்டை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போய்த் தோற்றார். உங்கள் 25 நிமிடத்துக்கு, பலகை மறைந்திருந்தது போன்ற நல்ல காரணம் இல்லையென்றால், அசல் 100 பவுண்டை நிறுவனத்திடமே கட்டி முடிப்பதாக எழுதிப் பாருங்கள். மேலே ஏற்றிய 70 பவுண்டை எல்லா நீதிபதிகளும் ஒத்துக்கொள்வதில்லை என்பது அவர்களுக்கும் தெரியும். படிவமே வந்துவிட்டால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்தில் இலவசமாக உதவி கேட்கலாம்.

இதற்கிடையில், உங்கள் மனைவியின் காருக்கு உள்ள லாக் புக்கையும் எடுத்துப் பாருங்கள். அதிலும் பழைய வீட்டு முகவரிதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.