ஸ்கின், ஹைட், லெதர் மூன்றும் ஒன்றுதானா?

நாம் மூன்றையுமே தோல் என்று சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் பதனிடாத ஆட்டுத்தோல் ஸ்கின். மாடு, எருமையுடையது ஹைட். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தொழிற்சாலைகளில் பதனிட்டு வெளியே வருவதுதான் லெதர். பச்சைத்தோல் ஈரத்தில் அழுகும், காய்ந்தால் பலகை மாதிரி விறைக்கும். ஆவாரம்பட்டைச் சாறோ குரோமிய உப்போ உள்ளே இறங்கி நார்களைப் பிணைத்துவிட்டால் அவ்வளவு சுலபத்தில் கெடாது. பால் தயிரான கதைதான், திரும்பப் பாலாக்க முடியாது.

ஆங்கிலத்தில் லெதரை ஒன்று, இரண்டு என்று எண்ணுவதில்லை. அதனால் 'ஏ லெதர்' என்று சொல்லக்கூடாது; 'ஏ பீஸ் ஆஃப் லெதர்' சரி. 'லெதர் பெல்ட்' என்று பொருளுக்கு முன்னால் அப்படியே சேரும். எண்ணிச் சொல்ல வேண்டுமானால் 'டென் ஹைட்ஸ்', 'டென் ஸ்கின்ஸ்'.

ரெக்சினையும் லெதர் என்று நினைப்பவர்கள் அதன் வெட்டு விளிம்பைப் பார்க்கட்டும்: பூச்சுக்கு அடியில் துணியின் நூலிழை தெரியும்.