மின்சார கார் ஓட்டினால் பெட்ரோல் காரைவிட உண்மையிலேயே செலவு குறையுமா?

கேள்வி கேட்ட நீங்கள் தினமும் 50 கிலோமீட்டர் ஓட்டுகிறவர். கூட வேலை பார்ப்பவர் ஒருவர் "செலவு பாதிக்கும் கீழே வந்துவிடும்" என்கிறாராம். மைத்துனரோ "பெட்ரோலில் மிச்சம் பிடித்ததையெல்லாம் பேட்டரி ஒரே வாயில் விழுங்கிவிடும்" என்கிறாராம். இதில் யாரை நம்புவது என்று கேட்கிறீர்கள். இரண்டு பேருமே உங்களிடம் முதலில் கேட்டிருக்க வேண்டியது வேறு: ராத்திரி காரை எங்கே நிறுத்துகிறீர்கள்?

நான் மூன்று வருடமாக மின்சார கார் ஓட்டுகிறேன். அதற்கு முன் வாங்கிய பெட்ரோல் கார் இன்னும் வீட்டில்தான் நிற்கிறது, அதை மனைவி ஓட்டுகிறார். இரண்டு வண்டிக்கும் ஒரே நோட்டில் இடது பக்கம் லிட்டர், வலது பக்கம் யூனிட் என்று எழுதி வைக்கிற கிறுக்குத்தனம் எனக்கு உண்டு, அதனால் கீழே சொல்வது அந்த நோட்டிலிருந்து.

பெட்ரோல் கார் எல்லா ஓட்டமும் சேர்த்து லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தருகிறது. மின்சார கார் 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் என்று திரையில் காட்டும். ஆனால் திரை காட்டுவதை நம்பி கணக்கு போடாதீர்கள். சார்ஜருக்குத் தனி மீட்டர் வைத்த முதல் மாதமே தெரிந்துவிட்டது, அதே 100 கிலோமீட்டருக்குச் சுவரிலிருந்து 17 யூனிட் போயிருந்தது. சுவரில் வரும் மாறுதிசை மின்சாரத்தை பேட்டரிக்கு வேண்டிய நேர்திசை மின்சாரமாக மாற்றும்போது கொஞ்சம் சூடாகப் போகிறது, சார்ஜ் ஏறுகிற நேரம் முழுக்க காரின் கணினியும் பம்பும் விழித்திருந்து கொஞ்சம் தின்கின்றன. சாதாரண மூன்று பின் ப்ளக்கில் மணிக்கணக்காகச் சொட்டுச் சொட்டாக ஏற்றினால் இந்த இழப்பு இன்னும் கூடும், ஏனென்றால் விழித்திருக்கும் நேரம் அதிகம். பில் வருவது மீட்டருக்குத்தானே, திரைக்கு இல்லையே.

சரி, 15 கிலோமீட்டர் போக ஒரு லிட்டர் அல்லது சுமார் இரண்டரை யூனிட். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் கிட்டத்தட்ட 8.9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. அதில் சக்கரத்துக்குப் போய்ச் சேருவது கால்வாசி தேறினால் பெரிய விஷயம், மீதியெல்லாம் ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெறும் சூடாக வெளியே போகிறது. மின்மோட்டார் அப்படி வீணடிப்பதில்லை, வித்தியாசம் முழுக்க இங்கேதான்.

ஆக உங்கள் ஊர் விலை எதுவாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். ஒரு லிட்டர் பெட்ரோல் விலையை ஒரு யூனிட் விலையால் வகுத்துப் பாருங்கள். இரண்டரைக்கு மேல் வந்தால் மின்சாரம் மலிவு, கீழே வந்தால் பெட்ரோல் மலிவு. வீட்டு மின்சாரத்தை வைத்து வகுத்தால் பெரும்பாலும் இரண்டரையைத் தாராளமாகத் தாண்டும். எந்த யூனிட் விலையைப் போடுகிறீர்கள் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். உபயோகம் கூடக்கூட விலை ஏறுகிற ஸ்லாப் முறை உங்கள் ஊரில் இருந்தால், மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுத்த சராசரியைப் போடக்கூடாது. காருக்குப் போகிற யூனிட் எல்லாம் ஏற்கெனவே வீடு எரித்ததற்கு மேல் வந்து உட்காருகிறது, அதனால் அந்த யூனிட்டுக்கு உயர்ந்த ஸ்லாப் விலைதான். மாறாக, ராத்திரி நேரத்துக்குக் குறைந்த கட்டணமோ, காருக்கென்று தனி இணைப்போ கிடைத்தால் கணக்கு அப்படியே உங்கள் பக்கம் சாயும்.

அந்த இரண்டரைகூட நிலையானது இல்லை. ஊருக்குள் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும்போது என் பெட்ரோல் கார் லிட்டருக்கு 11ஐத் தாண்டாது. மின்சார கார் அதே ரோட்டில் 100 கிலோமீட்டருக்கு 14 யூனிட்டோடு முடித்துக்கொள்ளும், ஏனென்றால் வேகம் குறைக்கும்போதெல்லாம் மோட்டாரே ஜெனரேட்டராகி கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுக்கிறது, நிற்கும்போது மோட்டார் எதுவும் தின்பதில்லை. அங்கே ஒரு லிட்டர் என்பது ஒன்றரை யூனிட்டுக்குச் சமம். நெடுஞ்சாலையில் போய்ப் பாருங்கள், கதை தலைகீழ். பெட்ரோல் கார் டாப் கியரில் நிம்மதியாக ஓடி 18 கிலோமீட்டர் தருகிறது. மின்சார காருக்கு 22 யூனிட் வேண்டியிருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காக ஏறுவதால் இரண்டு வண்டிக்கும் அடி ஒன்றுதான், ஆனால் ஊருக்குள் ஏற்கெனவே வீணடித்துக்கொண்டிருந்த எஞ்சினுக்கு நெடுஞ்சாலை ஒரு விதத்தில் விடுதலை. மோட்டாருக்கு அப்படி விடுதலை பெற எதுவும் இல்லை. இங்கே ஒரு லிட்டர் நான்கு யூனிட்டுக்குச் சமம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நெடுஞ்சாலையில்தான் ஃபாஸ்ட் சார்ஜரும் தேவைப்படுகிறது, அதன் யூனிட் விலை வீட்டு விலையைப் போல இரண்டு மூன்று மடங்கு இருப்பது பல நாடுகளிலும் சகஜம். அதிகம் தின்கிற இடத்தில் அதிக விலை. நான் ஒருமுறை 900 கிலோமீட்டர் போய் வந்துவிட்டு நோட்டில் கூட்டிப் பார்த்தபோது பெட்ரோல் காரில் போயிருந்தால் ஆகியிருக்கும் தொகையும் இதுவும் ஏறக்குறைய சமமாக வந்தது, இரண்டு சார்ஜரில் வரிசையில் நின்ற நேரம் தனி. வருடத்துக்கு நாலு தடவை அப்படிப் போவதில் எனக்கு நஷ்டமில்லை, மற்ற நாளெல்லாம் வீட்டுச் சுவர்தான் பங்க். ஆனால் வீட்டில் ப்ளக் இல்லாமல் முழுக்க முழுக்க ஃபாஸ்ட் சார்ஜரை நம்பி வாங்குகிறவருக்குச் செலவு குறையும் என்று நான் சொல்ல மாட்டேன்.

குளிர் நாட்டில் இருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சின் வீணாக்கும் சூடுதான் காருக்குள் இலவச ஹீட்டர். மின்சார காரில் அந்தச் சூட்டையும் பேட்டரியிலிருந்தே எடுக்க வேண்டும், கடுங்குளிரில் ஒரே சார்ஜில் போகும் தூரம் கால்வாசிக்கு மேல் சுருங்குவது சாதாரணம். வெளிக்காற்றிலிருந்து சூட்டை உள்ளே இழுக்கும் ஹீட் பம்ப் உள்ள வண்டி இதைக் கொஞ்சம் சமாளிக்கும். வெயிலில் ஏசி இந்த அளவுக்குப் படுத்தாது.

அடுத்து சர்வீஸ். எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், டைமிங் பெல்ட், சைலன்சர் எதுவும் இல்லை. கேபின் ஃபில்டர், பிரேக் ஆயில், கூலன்ட், வைப்பர் இதெல்லாம் உண்டு. பிரேக் பேட் தேயவே மாட்டேன் என்கிறது, அதில் எனக்கு ஒரு பயமும் உண்டு: அதிகம் பயன்படுத்தாததால் மழைக்காலத்தில் டிஸ்க்கில் துரு படிகிறது, அதனால் அவ்வப்போது வேண்டுமென்றே அழுத்தமாக பிரேக் போட்டு ஓட்டுகிறேன்.

மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கை டயர் திருப்பி வாங்கிக்கொண்டது. 28,000 கிலோமீட்டரில் டயர் கடைக்காரர் முன்சக்கரத்துப் பள்ளத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்திவிட்டு, என்னை ஏதோ ரேஸ் ஓட்டுகிறவனைப் போலப் பார்த்தார். பேட்டரியின் எடை ஒரு பக்கம், கால் வைத்த மாத்திரத்தில் மொத்த இழுவிசையும் சக்கரத்துக்கு வருவது இன்னொரு பக்கம். பெட்ரோல் காரில் இதே கால்தான், டயர் 45,000 ஓடியது. இப்போது சிக்னலில் பச்சை விழுந்ததும் சாதுவாகத்தான் கிளம்புகிறேன்.

இன்னொரு நாள் காலையில் காரின் கதவே திறக்கவில்லை. உள்ளே பெரிய பேட்டரியில் 300 கிலோமீட்டருக்கான சார்ஜ் சும்மா இருக்கிறது, ஆனால் விளக்கு, பூட்டு, கணினி எல்லாவற்றையும் எழுப்புகிற அந்தச் சின்ன 12 வோல்ட் பேட்டரி உயிரை விட்டிருந்தது. வெகுசில மாடல்களைத் தவிர மின்சார காரிலும் அது உண்டு, சில வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். எந்தச் செலவுக் கணக்கிலும் யாரும் இதைச் சேர்ப்பதில்லை.

இப்போது உங்கள் மைத்துனரின் பேட்டரிக்கு வருவோம். பயம் நியாயம்தான், ஆனால் கொஞ்சம் பழைய பயம். 2010இல் வந்த நிசான் லீஃப் காரின் பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது, வெப்பமான இடங்களில் அது வேகமாகச் சரிந்தது உண்மை, பயத்துக்கு அதற்கும் ஒரு பங்கு உண்டு. இன்று பெரும்பாலான கார்களில் திரவக் குளிரூட்டல் வந்துவிட்டது. 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போகாது என்பதுதான் பரவலாகத் தரப்படும் வாரண்டி. என் காரில் மூன்று வருடத்தில் ஐந்து சதவீதம் குறைந்திருக்கிறது. பேட்டரி விலையும் 2010இல் இருந்ததில் இன்று ஏழில் ஒரு பங்குகூட இல்லை. பழைய காராக விற்கும்போது விலை சரிவதும் இன்சூரன்ஸ் கூடுதலாக வருவதும்தான் எனக்கு பேட்டரியைவிடப் பெரிய கவலை. வாங்கும் முன்பே இன்சூரன்ஸ் தொகையைக் கேட்டுவிடுங்கள், எனக்கு பெட்ரோல் காரைவிடக் கணிசமாகக் கூட வந்தது.

உங்கள் கணக்கு இதுதான். தினம் 50 என்றால் வருடம் 300 நாளுக்கு 15,000 கிலோமீட்டர். பெட்ரோலில் 1,000 லிட்டர், மின்சாரத்தில் சுமார் 2,550 யூனிட். இரண்டையும் உங்கள் ஊர் விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள், கழித்து வருவதிலிருந்து இன்சூரன்ஸ் வித்தியாசத்தையும் டயருக்குக் கொஞ்சத்தையும் எடுத்துவிடுங்கள், சர்வீஸில் மிச்சமாவதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வருடம் 5,000 மட்டும் ஓட்டுகிறவராக இருந்தால் இந்தப் பாடே வேண்டாம், இருக்கிற பெட்ரோல் காரை வைத்துக்கொள்ளுங்கள் என்றிருப்பேன்.

நீங்கள் கேள்வியில் ஒன்றை மட்டும் எழுதவில்லை. இருப்பது தனி வீடா, அடுக்குமாடியா? பார்க்கிங் வரை உங்கள் மீட்டரிலிருந்து ஒயர் இழுக்க முடியுமா? பின்னூட்டத்தில் சொல்லுங்கள், அப்புறம் மைத்துனரிடம் என்ன சொல்வது என்று பார்க்கலாம்.