கறிவேப்பிலைச் செடியில் புழு: மருந்து அடிப்பதா, வளர்ப்பதா?

கேள்வி: தொட்டியில் இருக்கும் கறிவேப்பிலைச் செடியில், பறவை எச்சம் ஒட்டியதுபோல் சில புழுக்கள் தென்படுகின்றன. மருந்து தெளிக்கலாம் என்றிருந்தேன். இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளோ, அவை பட்டாம்பூச்சியாக மாறும், வீட்டிலேயே வளர்க்கலாம் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். வளர்க்க முடியுமா? (வாசகி, மதுரை)

பதில்: உங்கள் மகள் சொல்வதுதான் சரி, மருந்தை எடுத்து வைத்துவிடுங்கள். கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை ஆகிய செடிகளில் இப்படிக் காணப்படுபவை பெரும்பாலும் எலுமிச்சை அழகி அல்லது கறிவேப்பிலை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களே. எச்சம்போல் தோன்றுவது பறவைகளின் கண்ணுக்குத் தப்புவதற்கான வேடம். நான்கு முறை தோலுரித்து ஐந்தாம் பருவத்தை எட்டியதும் அந்த வேடம் கலைந்து, புழு இலைப் பச்சை நிறத்துக்கு மாறிவிடும். அந்த மாற்றத்தைக் குழந்தை தானே கண்டுபிடிக்கட்டும், முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.

வளர்ப்பதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. வாய் அகன்ற கண்ணாடிச் சாடியோ, உயரமான பிளாஸ்டிக் டப்பாவோ போதும். மூடியைப் போட்டு இறுக்காமல், பழைய வேட்டித் துணியையோ கொசுவலைத் துண்டையோ மேலே கட்டிவிட வேண்டும். கறிவேப்பிலைக் கொத்து வாடாமல் இருக்க, அதன் காம்பைத் தண்ணீர் நிரப்பிய சின்ன மருந்துக் குப்பியில் செருகி வைக்கலாம். ஆனால் குப்பியின் வாயைப் பஞ்சால் அடைக்க மறக்கக் கூடாது, ஏனென்றால் காம்பின் வழியே கீழிறங்கும் புழு தண்ணீரில் விழுந்து இறந்துவிடும். சாடியின் அடியில் காகிதம் விரித்து, கழிவு சேரச் சேரத் தினமும் மாற்றுங்கள். ஈரமும் அழுக்கும் தங்கினால் புழுக்களுக்கு நோய் வரும். வெயில் நேரடியாகப் படும் இடத்தில் சாடியை வைக்கக் கூடாது.

கடையில் வாங்கிய கறிவேப்பிலையை மட்டும் போடவே போடாதீர்கள். நம் கண்ணுக்குத் தெரியாத பூச்சிமருந்து அதில் இருக்கக்கூடும். ஓரிரவிலேயே எல்லாப் புழுக்களும் இறந்துபோகலாம். வேப்பெண்ணெய் தெளித்த செடியின் இலையும் ஆகாது. கடைசிப் பருவத்தில் ஒரு புழு தின்னும் இலை, அதுவரை தின்றதையெல்லாம் சேர்த்தாலும் மிஞ்சும் என்பதால், தொட்டிச் செடி ஒன்றே இருக்கும் வீட்டில் இரண்டு மூன்று புழுக்களுக்கு மேல் வளர்க்க வேண்டாம். மற்றவற்றைச் செடியிலேயே விட்டுவிடுங்கள்.

புழுவை விரலால் பிடித்து இழுக்கக் கூடாது என்பதைக் குழந்தைக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். அது இலைமீது மெல்லிய பட்டிழை விரித்து, அதைக் கால்களால் இறுகப் பற்றியிருக்கும். பலவந்தமாக எடுத்தால் கால் கிழியும். புதிய கொத்தைப் பழைய கொத்தின் பக்கத்தில் வைத்தால் தானாகவே ஏறிக்கொள்ளும். ஒரு நாள் முழுக்கத் தின்னாமல் அசையாமல் இருந்தால், அது தோலுரிக்கத் தயாராகிறது என்று பொருள். அப்போது சாடியை அசைக்கவே வேண்டாம். உரித்த தோலைப் புழுவே தின்றுவிடும்; தலையை மூடியிருந்த சிறு ஓடு மட்டும் காகிதத்தின்மேல் கிடக்கும். ஓர் உருப்பெருக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தால், குழந்தை அதைத் தேடி எடுத்துச் சேர்க்கத் தொடங்கிவிடுவாள்.

கேள்வி: தொட்டவுடன் தலைக்குப் பின்னாலிருந்து கொம்புபோல் எதையோ நீட்டுகிறது. கெட்ட வாடையும் வருகிறது. குழந்தைகளுக்குத் தீங்கு உண்டா? (வாசகர், கடலூர்)

பதில்: தீங்கு இல்லை. எறும்பு, குளவி போன்ற எதிரிகளை விரட்டுவதற்காக உள்ளே மடித்து வைத்திருக்கும் கவை போன்ற உறுப்பு அது. அடிக்கடி சீண்டினால் புழு களைத்துப்போகும் என்பதால், ஒருமுறை பார்த்ததோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். உடலெங்கும் மயிர் அடர்ந்த கம்பளிப்பூச்சிகளின் விஷயம் வேறு. முருங்கை மரத்தில் கூட்டமாக ஒட்டியிருப்பவை அந்துப்பூச்சியின் புழுக்கள். அவற்றின் மயிர் பட்டால் தோல் தடித்து அரிக்கும். அவற்றை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது.

கேள்வி: நன்றாகத் தின்றுகொண்டிருந்த புழு திடீரென்று இலையை விட்டு இறங்கிச் சாடி முழுதும் அலைகிறது, நீர்த்த கழிவை வெளியேற்றுகிறது. நோயா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: கடைசிப் பருவப் புழுவாக இருந்தால் நோயன்று. கூட்டுப்புழுவாக மாறுமுன் குடலைக் காலி செய்துவிட்டு, தகுந்த இடம் தேடி அலைகிறது. ஒரு குச்சியைச் சாய்த்து வையுங்கள். வால்நுனியைக் குச்சியில் ஒட்டிக்கொண்டு, முதுகைச் சுற்றி ஒரு பட்டிழையை அரைஞாண்போல் கட்டி, அதில் சாய்ந்து நிற்கும். மறுநாள் தோல் உரிந்து கூடு தெரியும். சுற்றுப்புறத்துக்கு ஏற்பக் கூடு பச்சையாகவோ பழுப்பாகவோ அமையும். நம் ஊர் வெப்பத்தில் பொதுவாக ஒன்றரை வாரத்தில், இறகின் வண்ணம் கூட்டுக்கு வெளியே தெரியும் அளவுக்கு அது கறுத்து, பெரும்பாலும் காலை வேளையில் வண்ணத்துப்பூச்சி வெளிவரும்.

கேள்வி: கூட்டிலிருந்து வண்ணத்துப்பூச்சி வருமென்று காத்திருந்தோம், சிறு துளையிட்டுக்கொண்டு குட்டிக் குளவிகள் கூட்டமாக வந்தன. மகன் அழுதுவிட்டான். நாங்கள் என்ன தவறு செய்தோம்? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. வண்ணத்துப்பூச்சிகளின் முட்டையிலும் புழுவிலும் கூட்டிலும் தம் முட்டையை இட்டு வளரும் ஒட்டுண்ணிக் குளவிகளும் ஈக்களும் பல உண்டு. கூடு கட்டிய சில மணி நேரத்துக்குள், அது மென்மையாக இருக்கும்போதே சில குளவிகள் வந்து துளைத்துவிடும். சிறு வயதிலேயே, முட்டையாக இருக்கும்போதே கொண்டுவந்து, கண் நெருக்கமான வலையால் மூடி வளர்த்தால் இந்த இழப்பு பெரிதும் குறையும். இளந்தளிரில் தனித்தனியாக, கடுகளவில், வெளிர்மஞ்சள் உருண்டையாக முட்டை இருக்கும்.

மகனிடம் உள்ளதை உள்ளபடியே சொல்லுங்கள். வண்ணத்துப்பூச்சி பல முட்டைகளை இடுவதே, அவற்றில் பெரும்பாலானவை வளர்ந்து முடிப்பதில்லை என்பதால்தான். அந்தக் குளவிகள் இல்லாவிட்டால் எலுமிச்சைக் கன்றுகளில் இலையே மிஞ்சாது. 'வேறிடத்துக்குப் பறந்துவிட்டது' என்று பொய் சொல்லி இன்னொரு புழுவை வைத்துச் சமாளிப்பதை நான் ஒப்ப மாட்டேன். குழந்தை தன் கண்ணால் பார்த்ததை நாமே இல்லையென்று சொல்லக் கூடாது.

கேள்வி: எருக்கஞ்செடியில் கறுப்பு, மஞ்சள், வெள்ளை வரிகளுடன் அழகிய புழு இருக்கிறது. வளர்க்கலாமா? (வாசகி, சிவகங்கை)

பதில்: அது வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு. வளர்க்க எளியது, தலைகீழாகத் தொங்கும் அதன் கூட்டில் பொன்புள்ளிகள் மின்னுவதைப் பார்க்கவே வளர்க்கலாம். ஆனால் எருக்கம்பால் கண்ணில் பட்டால் பெரும் கேடு. பெரியவர்களே இலை பறித்து, சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

கேள்வி: வெளிவந்த பூச்சியை எப்போது விட வேண்டும்? (வாசகர், ஈரோடு)

பதில்: வெளிவரும்போது இறகு சுருங்கியிருக்கும். அது தலைமேலாகத் தொங்கிக்கொண்டு இறகுக்குள் நீர்மத்தைச் செலுத்தி விரிக்கும். விரிந்தபின் உலர்ந்து விறைக்கச் சில மணி நேரம் ஆகும். அதுவரை தொடக் கூடாது. இறகடித்துப் பறக்க முற்பட்டதும், வெயில் உள்ள நேரத்தில் இட்லிப்பூச் செடி போன்ற ஒன்றின் அருகே விட்டுவிடுங்கள். மழை பெய்தாலோ இருட்டிவிட்டாலோ மறுநாள் காலை வரை வைத்திருக்கலாம். முதல் நாள் உணவு தேவைப்படாது. இறகு மடங்கிப் பறக்க இயலாமல் போன பூச்சி இருந்தால், சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சின்மேல் அதை நிறுத்துங்கள். இனிப்பைக் கால்களாலேயே சுவைத்து அறிந்து, சுருட்டி வைத்திருக்கும் உறிஞ்சுகுழலை அது நீட்டிக் குடிக்கும்.