இணைப்பைத் துண்டித்த பிறகும் பணம் பிடிக்கிறார்களே!

கேள்வி: பதினொரு ஆண்டுகளாகப் போஸ்ட்பெய்டு செல்பேசி இணைப்பு வைத்திருந்தேன். மகன் துபாயில் இருந்தபோது வெளிநாட்டு அழைப்பு வசதிக்காக 2,000 ரூபாய் வைப்புத்தொகை கட்டினேன். மூன்று மாதங்களுக்கு முன் எழுதிக்கொடுத்து இணைப்பைத் துண்டித்தேன். அதன் பிறகும் இரண்டு முறை 471 ரூபாய் வங்கிக் கணக்கிலிருந்து போயிருக்கிறது. பாஸ்புக் பதியப் போனபோதுதான் பார்த்தேன். வைப்புத்தொகையும் வரவில்லை. அலைவதா, விட்டுவிடுவதா?
- ஓய்வுபெற்ற ஆசிரியை, தென்காசி

பதில்: விடாதீர்கள். மொத்தம் 2,942 ரூபாய், உங்களுடைய பணம்.

இணைப்பை மூடுவது வேறு, மாதாமாதம் பணம் எடுத்துக்கொள்ள வங்கியில் கொடுத்த அனுமதி வேறு. முதலாவதை மூடினால் இரண்டாவது தானாக மூடிவிடாது. அட்டை, யுபிஐ வழியாக இப்படி எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வங்கியில் எண்ணை மாற்றியிருக்காவிட்டால், அந்தக் குறுஞ்செய்தி நீங்கள் மூடிய எண்ணுக்கே போயிருக்கும். இதைப் பிறகு பார்ப்போம்.

வைப்புத்தொகையைத் திருப்பித் தர நிறுவனங்களுக்கு முன்பு 60 நாள் அவகாசம் இருந்தது. தொலைத்தொடர்பு நிறுவனங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிராய் 2024-இல் கொண்டுவந்த ஒழுங்குமுறை அதை 45 நாளாகக் குறைத்தது. எந்தக் கணக்கில் பார்த்தாலும் கெடு தாண்டிவிட்டது. ஷோரூம் மேசையில் நின்று வாதாட வேண்டாம்; அங்கே இருக்கும் பிள்ளைகளுக்கு அந்த அதிகாரம் கிடையாது. வாடிக்கையாளர் மையத்தில் இரண்டு புகார்கள் பதியுங்கள்: துண்டித்த பின் பிடித்த பணத்துக்கு ஒன்று, வைப்புத்தொகைக்கு ஒன்று. ஒரே புகாராகக் கொடுத்தால் பாதிக்குப் பதில் சொல்லிவிட்டு 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். புகார் எண்களைக் கேட்டு வாங்குங்கள். துண்டித்ததற்கான ஒப்புகை, கடைசி பில், பாஸ்புக் பக்கம் மூன்றையும் நகல் எடுத்து வையுங்கள்.

பதில் திருப்தியாக இல்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். கட்டணம் இல்லை, 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அங்கும் நடக்கவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். தந்திச் சட்டத்தைக் காட்டி 'தொலைபேசி வழக்கு இங்கே வராது' என்று நிறுவனங்கள் நழுவிய காலம் ஒன்று உண்டு. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நிறுவனங்களின் அந்தத் தப்பிக்கும் வழியை அடைத்துவிட்டது. உங்களுடையது போன்ற சிறு தொகைக்கு ஆணையத்தில் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பெரும்பாலும் அதுவரை போகாது. மேல்முறையீட்டு மனு போனதுமே பணம் வந்துவிடுவதுதான் வழக்கம்.

உண்மையில் எனக்குக் கவலை அந்த எண்ணைப் பற்றித்தான். மூடிய எண்ணைக் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். நீங்கள் மூடி மூன்று மாதம் ஆகிறது. ஓய்வூதியக் கணக்குக்கும் ஆதாருக்கும் இன்னும் அந்த எண்தான் இருக்கிறது என்றால், உங்கள் ஓடிபி யாரோ ஒருவர் கைக்குப் போகும். நாளை வங்கி திறந்ததும் எண்ணை மாற்றுங்கள். தானாகப் பணம் எடுக்கும் அனுமதியையும் அங்கேயே ரத்து செய்யச் சொல்லுங்கள். ஆதார் மையத்துக்கும் போய்விட்டு வாருங்கள். புகாரை மத்தியானம் பதிந்துகொள்ளலாம்.