பார்க்காமலே புத்தகப் படத்தை வரையும் பிள்ளைகளுக்கு மைக்ராஸ்கோப்பில் செல்களை ஒப்பிடக் கற்றுக்கொடுப்பது எப்படி?

வெங்காயத் தோல், கன்னத்துச் செல் இரண்டையும் காட்டிய பிறகும் உங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நோட்டில் புத்தகத்தில் இருக்கிற படத்தையே வரைகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் 14 வருடமாக அறிவியல் எடுக்கிறேன். முதல் நாலைந்து வருடம் என் வகுப்பிலும் இதேதான் நடந்தது, அதற்குக் காரணம் பெரும்பாலும் நான்தான்.

அப்போது நான் என்ன செய்வேன் என்றால், பல்லாரி (எங்கள் ஊரில் பெரிய வெங்காயத்துக்கு அதுதான் பெயர்) தோலை 10 லென்ஸில் (10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ்) வைத்துக் காட்டுவேன், கன்னத்துச் செல் சின்னதாகத் தெரிகிறதே என்று அதை மட்டும் 40 லென்ஸுக்கு மாற்றிக் காட்டுவேன். ஒரு வருடம் பாதி வகுப்பு "இரண்டு செல்லும் ஏறக்குறைய ஒரே அளவு" என்று எழுதி வைத்திருந்தது. சிவப்பு மையில் அடித்துக்கொண்டே போனவள் பத்தாவது நோட்டில் நிறுத்தினேன். அவர்கள் கண்ணுக்குத் தெரிந்ததைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஒன்றைப் பக்கத்திலும் இன்னொன்றைத் தூரத்திலும் நிறுத்திவிட்டு யார் உயரம் என்று கேட்டது நான்.

அதிலிருந்து ஒரே சட்டம்: ஒப்பிடுகிற இரண்டையும் ஒரே லென்ஸில், ஒரே சாயத்தில் பார்க்க வேண்டும். சாயத்தை ஏன் சேர்க்கிறேன் என்றால், வெங்காயத்துக்கு அயோடினும் கன்னத்துச் செல்லுக்கு மெத்திலீன் நீலமும் போட்டால் "தாவர செல் மஞ்சள், விலங்கு செல் நீலம்" என்று எழுதும் பிள்ளைகள் கண்டிப்பாக இருப்பார்கள். மெத்திலீன் நீலத்தையே இரண்டுக்கும் போடுங்கள், இரண்டிலும் உட்கரு நன்றாகப் பிடிக்கும்.

அப்புறம் அளக்க விடுங்கள், மி.மீ.யில் அளந்துவிட்டால் லென்ஸ் வேறானாலும் ஒப்பிடலாம். ஸ்லைடு வைக்கும் இடத்தில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்து 10 லென்ஸில் பார்த்தால், தெரிகிற வட்டத்தின் குறுக்கே எத்தனை மில்லிமீட்டர் என்று எண்ணிவிடலாம். எங்கள் மைக்ராஸ்கோப்பில் அது சுமார் 1.6 மி.மீ. அதே வட்டத்தில் நீளவாக்கில் ஐந்து வெங்காயச் செல் அடங்கினால் ஒரு செல் 0.3 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். 40 லென்ஸில் வட்டம் நாலில் ஒரு பங்காகச் சுருங்கி 0.4 மி.மீ. ஆகிவிடும், அதன் குறுக்கே கன்னத்துச் செல் ஆறோ ஏழோ வரிசையாக வைக்கலாம் என்று தெரிந்தால் ஒன்று 0.06 மி.மீ. பக்கம். ஸ்கேலில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைக் காட்டி, "இதுக்குள்ள உன் கன்னத்துச் செல் எத்தனை நிற்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். கணக்கில் பின்தங்கிய பிள்ளைகள்கூட வகுத்துப் பார்க்கிறார்கள். (கன்னத்தின் உட்பக்கத்தைச் சுரண்ட ஆளுக்கு ஒரு புதுப் பல்குச்சி, மழுங்கிய முனையால் லேசாக, முடிந்ததும் நேராக பிளீச்சிங் பவுடர் தண்ணீருக்குள். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.)

வரைகிற நேரத்தில் புத்தகம் மேசை மேல் இருக்கக் கூடாது. இல்லையென்றால் வெங்காயச் செல்லுக்குள் பச்சைப் புள்ளி வந்துவிடும், ஏனென்றால் தாவர செல் என்றால் பசுங்கணிகம் (இலைக்குப் பச்சை நிறம் தருவது) உண்டு என்று மனப்பாடம். நான் திட்டுவதில்லை, "அந்தப் பச்சையை எனக்கும் காட்டு" என்று லென்ஸ் பக்கம் கூப்பிடுவேன். தேடித் தேடி இல்லை என்று அவர்களே சொன்ன பிறகு, உரித்து உரித்து உள்ளே இருக்கிற தோலுக்கு வெயில் எங்கே கிடைக்கிறது என்று கேட்டால் போதும். மறுநாள் பக்கத்துக் குளத்திலிருந்து ஹைட்ரில்லா பாசி கொண்டுவரச் சொல்வேன். அதன் இலை இரண்டு அடுக்கு செல் கனம்தான், அறுக்கவே வேண்டாம், இளம் இலையாக ஒன்றைப் பிய்த்துத் தண்ணீரில் வைத்தால் சரி. கொஞ்ச நேரம் வெளிச்சத்தில் வைத்திருந்துவிட்டு நடு நரம்புப் பக்கம் பாருங்கள், பசுங்கணிகங்கள் செல்லின் ஓரமாக வரிசையாக நகரும். "டீச்சர், உள்ள என்னமோ அனங்குது" (அசைகிறது) என்று ஒரு பிள்ளை கத்தியதும் மொத்த வகுப்பும் அந்த மேசைக்கு ஓடிவந்தது.

செல் சுவரும் செல் சவ்வும் வேறு வேறு என்பதுதான் சொல்லிப் புரியவைக்க மிகக் கஷ்டமானது. சாதாரணமாகப் பார்த்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே கோடாகத் தெரியும். இதற்கு எங்கள் ஊரில் ஒரு வசதி உண்டு. குளச்சலில் மாமா வீடு இருக்கிற ஒரு பிள்ளை ஒரு பாட்டிலில் கடல் தண்ணீர் கொண்டுவந்தது. பல்லாரியின் வெளிப்பக்க ஊதாத் தோலை உரித்துச் சாதாரணத் தண்ணீரில் வைத்தோம், இதற்குச் சாயமே வேண்டாம். பிறகு கவர் ஸ்லிப்பின் ஒரு ஓரத்தில் கடல் தண்ணீரை ஒரு சொட்டு விட்டு, மறு ஓரத்தில் ஒற்றுத்தாளை வைத்து உறிஞ்சினோம். சில நிமிடத்தில் ஊதா நிறம் செல் சவ்வோடு சேர்ந்து சுவரை விட்டு விலகி நடுவில் உருண்டு நின்றது, சுவர் மட்டும் பெட்டி மாதிரி அப்படியே இருந்தது. அந்த வருடம் அந்தக் கேள்விக்குத் தப்பாக எழுதியவர்கள் யாருமே இல்லை. கடல் பக்கத்தில் இல்லையென்றால் அரை டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு போதும். கன்னத்துச் செல்லுக்கு அப்படி நிற்க ஒரு பெட்டி இல்லை என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம்.

கறுப்பு ஓரத்தோடு வட்டமாகத் தெரிகிற காற்றுக் குமிழியை செல் என்று வரைவார்கள், அதையும் முதல் நாளே ஒரு தடவை வேண்டுமென்றே காட்டிவிடுங்கள். கண்ணாடி வைத்த பழைய மைக்ராஸ்கோப் என்றால் ஜன்னல் வெளிச்சம் போதும், நேர் வெயிலை அதில் பிடிக்கவே கூடாது, கண் போய்விடும். எங்களுக்கு இரண்டு பருவமழையும் உண்டு, ஜூனிலும் அக்டோபரிலும் இருட்டிக்கொண்டு நிற்கும், அந்த நாட்களில் கண்ணாடியின் குழிந்த பக்கத்தைத் திருப்பி வைத்து போன் டார்ச்சை அடிப்போம்.

இப்படிப் பழகிய பிள்ளைகள் கேட்கிற கேள்வியே வேறு மாதிரி ஆகிவிடும். போன வருடம் ஒருவன் இளநீரைக் காட்டி, "இதுக்குள்ள செல் எங்கே டீச்சர்?" என்றான். தேங்காயில் முதலில் சுவர் இல்லாமல் உட்கருக்கள் மட்டும் அந்தத் தண்ணீரில் பெருகும், பிறகு ஓரத்திலிருந்து சுவர் எழும்பி வழுக்கை ஆகும் என்று சொன்னேன். மறுநாள் சட்டைப் பைக்குள் ஒரு துண்டு வழுக்கையோடு வந்து நின்றான், அன்றைய பாடத்தைத் தள்ளிவைத்துவிட்டு அதைத்தான் பார்த்தோம்.